பாதி ஜாடி

என் வீட்டுக்காரர் இருதயநாதன் சாப்பாட்டில் குறை கண்டுபிடித்தே குடும்பம் நடத்தியவர். கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் விடைத்தாளைச் சுழித்த கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. "ரசத்துல மிளகு கூடிருச்சு", "வெங்காயம் வதங்கல, அவசரப்பட்டு எறக்கிட்ட" என்று வேளைக்கு வேளை மார்க் போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் யூனியன் ஆபீசில் கிளார்க் வேலையை முடித்துவிட்டு, இலுப்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து அடுப்பைப் பற்றவைத்தவள்தானே. "ஒங்க நாக்குக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்" என்பேன். "சாவி ஒங்கிட்டத்தான இருக்கும், அருளு" என்பார். கோபம் பாதியில் நின்றுவிடும்.

போன வருஷம் கோடையில் அவர் நாக்குக்கு அடியில் ஒரு கட்டி வந்தது. திருச்சிக்குக் கூட்டிப்போனோம். கத்தி வைக்கவில்லை, கதிர்வீச்சு கரண்ட் வைத்தார்கள். கட்டி கரைந்தது. உயிரோடு திருப்பிக் கொடுத்தார்கள், அதற்கு நான் சாகிறவரை நன்றி சொல்வேன். ஆனால் ருசி திரும்பவில்லை. உப்பு இல்லை, இனிப்பு இல்லை, புளிப்பு இல்லை. வாசனையும் அதோடு போயிற்று. மிளகாயைக் கடித்தால் எரியும், அவ்வளவுதான்.

"வரும்மா. சில பேருக்கு ஆறு மாசம், சில பேருக்கு ஒரு வருஷம். சில பேருக்கு வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். அந்தக் கடைசி வார்த்தை காதில் விழாத மாதிரி நாங்கள் இரண்டு பேரும் எழுந்து வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு வீடு வேறு வீடாகிவிட்டது. கையில் தண்ணீர் பாட்டிலோடு ஹால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எதை வைத்தாலும் குழம்பை நிறைய ஊற்றிப் பிசைந்து, மருந்து விழுங்குவதுபோல் விழுங்குவார். குறை சொல்லமாட்டார். நான் வேண்டுமென்றே ஒரு நாள் சாம்பாரில் உப்பே போடாமல் வைத்தேன். ஒரு சொல் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் அடுக்களையில் நின்று அழுதேன்.

அதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது அந்தப் போன்மேல். எப்போது பார்த்தாலும் அதில் சாப்பிடுகிற வீடியோ. ஒரு தடியன், முழங்கை நீளத்துக்கு இலையைப் போட்டு, மலையாகப் பிரியாணியைக் கொட்டி, எதிரே கேமராவை வைத்துக்கொண்டு தின்பான். ஆட்டுக்காலை உறிஞ்சுவான். விரலை நக்குவான். "ஆஹா, ஆஹா" என்பான். அந்தச் சத்தம் எங்கள் ஹால் முழுக்கக் கேட்கும். இவர் கண் கொட்டாமல் பார்ப்பார். சில சமயம் தொண்டை ஏறி இறங்கும். பசிக்கிற பிள்ளை அடுத்த வீட்டு வாசலில் நிற்பதைப் பார்க்கிற மாதிரி எனக்கு இருக்கும். "என் சாப்பாடு எறங்கல, அவன் சாப்பிடுறதப் பாத்தா மட்டும் எறங்குதோ" என்று கத்திவிட்டேன். "அவன் எல்லாத்தையும் சொல்றான் அருளு. இது புளிப்பு, இது பட்டை வாசம்னு. கேக்கும்போது ஞாபகம் வருது" என்றார்.

முன்னெல்லாம் எங்கள் வீட்டில் பார்க்கிற பழக்கமே வேறு. கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் ஏதாவது பழைய படம் போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸில் ஒயின் வைத்துக்கொள்வோம். அவர் கையால் போட்ட ஒயின். தொட்டுக்கொள்ள நான் பொரித்த நெத்திலி. படத்தில் கதாநாயகி அழுதால் நானும் அழுவேன். "நெத்திலியில உப்பு கூட, இனிமே அழுவாத" என்பார். எங்கள் பெண் ஃபெமினா நர்ஸ் வேலைக்குத் தோஹாவுக்குப் போனபிறகு எங்களுக்கு மிஞ்சிய சந்தோஷமே அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

இந்த வருஷம் அவர் பிறந்தநாளுக்கு நான் விடியற்காலையிலிருந்து சமைத்தேன். கோட்டைப்பட்டினத்து மீன், நாட்டுக்கோழி, கத்தரிக்காய்க் கொத்சு, பால் பாயசம். எல்லாமே அவருக்குப் பிடித்தது. அவர் ஒவ்வொன்றையும் ஒரு வாய் எடுத்தார். பாயசத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அருளு, எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. நீ ஏன் இப்புடிக் கஷ்டப்படுற? கஞ்சி வச்சாப் போதும்" என்றார்.

நான் பாயசச் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பின்வாசல் வாழைக்கு ஊற்றிவிட்டு வந்தேன். சட்டியைக் கவிழ்த்துப் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அதற்கு அப்புறம் இரண்டு வாரம் இருக்கும். காலையில் இட்லிக்குத் தக்காளிச் சட்னி வைத்திருந்தேன். ஒரு விள்ளல் வாயில் போட்டவர் அப்படியே நின்றார்.

"என்னங்க, பொரையேறிருச்சா?"

"உப்பு" என்றார். "உப்பு தெரியுது, அருளு."

கரண்டியைப் போட்டுவிட்டு அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கோயிலுக்கு ஓடிப்போய் மாதா முன்னால் மெழுகுவத்தி ஏற்றினேன். ஃபெமினாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவளும் அங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதாள். பக்கத்து வீட்டு மணிமேகலையிடம் மதில் வழியாகச் சொன்னேன். அவள் தெருவுக்குச் சொன்னாள்.

நாளாக ஆக அவர் பழைய மனுஷனாகிக்கொண்டே வந்தார். போனை எடுத்து வைத்துவிட்டு, அடுக்களை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நான் சமைப்பதைப் பார்ப்பார். தட்டில் வைத்ததும், "புளி கொஞ்சம் தூக்கல்", "இன்னைக்கு உப்பு கொறைச்சலாப் போட்டுட்ட" என்பார். நான் ருசி பார்ப்பேன், சரியாக அப்படித்தான் இருக்கும். குறை கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எரிச்சலூட்டும் அந்த மார்க் எனக்கு ஜெபம் கேட்கப்பட்டதுபோல் இருந்தது.

"நாக்குதான் வந்துருச்சுல்ல. இந்த வருஷம் ஒயின் போட்டுருங்க" என்று ஆரம்பித்தது நான்தான்.

"இந்த வருஷம் வேணாமே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

"போன வருஷமும் போடல. கிறிஸ்துமஸ் அன்னைக்கு வாரவுகளுக்கு வெறும் கேக்கக் குடுத்து அனுப்பவா?" நான் விடவில்லை. பிடித்தால் பிடித்ததுதான், என் குணம் அப்படி.

எங்கள் வீட்டு ஒயினுக்குச் சில சட்டங்கள் உண்டு. அவர் அம்மா வைத்த சட்டம். அந்தப் பழுப்புநிறப் பெரிய பீங்கான் ஜாடியில்தான் போட வேண்டும். மரக்கரண்டியால் தினமும் கிண்டும்போது ஓர் அருள்நிறை மரியே ஜெபம் சொல்லி முடிகிறவரை கிண்ட வேண்டும். வேறு யாரும் கைவைக்கக் கூடாது. வடிகட்டிய பிறகு மறுபடியும் அதே ஜாடியில் கழுத்துவரை நிரப்பி, மூடியைச் சுற்றி மைதா மாவைப் பிசைந்து அப்பி, மாடிப்படிக்குக் கீழே இருட்டில் வைக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு தடவை திறந்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பார். அந்தச் சொட்டுதான் எல்லாம். "போதும், பாட்டில்ல ஊத்திரலாம்" என்றோ, "கெடக்கட்டும்" என்றோ அப்போதுதான் தீர்ப்பு வரும்.

புதுக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போய்ப் பன்னீர் திராட்சை வாங்கி வந்தார். பார்த்தால் வழக்கமாக வாங்குவதில் பாதிதான். "ரெண்டு பேரு, வாரவுக மூணு பேரு. எதுக்கு அம்புட்டு?" என்றார். சரி, சின்ன ஜாடி ஒன்று வாங்குவோம் என்றேன். "அம்மா ஜாடி இருக்கும்போது வேற ஜாடியா?" என்று முறைத்தார். வடிகட்டிய பிறகு எட்டிப்பார்த்தேன். அவ்வளவு பெரிய ஜாடியில் பாதிக்கும் கீழே கிடந்தது ஒயின். மேலே வெறும் காற்று. அவர் மாவை அப்பி மூடினார். நடுவில் ஒரு நாள் திறந்து சொட்டை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, வழக்கம்போல் கொஞ்ச நேரம் நின்றார். "கெடக்கட்டும்" என்றார். நானும் அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மத்தியானம், நான் எண்ணெய்ச் சட்டியில் கிறிஸ்துமஸ் பலகாரமான கலகலா பொரித்துக்கொண்டிருந்தேன். அவர் ஜாடியை அணைத்துத் தூக்கிவந்து அடுக்களை மேடையில் வைத்தார். கத்தி முனையால் மாவைச் சுரண்டி எடுத்தார். மூடியைத் திறந்தார்.

வாசனை என்னை வந்து அறைந்தது. எண்ணெய் வாசத்தையும் மீறிக்கொண்டு வந்தது. ஒயின் வாசனை இல்லை. காடி. புளித்து வினிகராகிப்போன சுத்தமான காடி. மூக்கைத் துளைத்துக் கண்ணில் ஏறியது.

இப்போது முகம் சுளிப்பார், "போச்சு" என்று தலையில் கைவைப்பார் என்று நான் திரும்பினேன். அவர் ஜாடிக்குள் குனிந்து மூக்கை நுழைத்து, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். நிமிர்ந்து சிரித்தார்.

"வாசம் பிடி, அருளு" என்றார்.

சின்ன கிளாஸில் மொண்டார். ஒரே மடக்காகக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. தொண்டையைத் தடவிக்கொண்டார்.

"எப்புடி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா சுருக்குன்னு எறங்குது. தேனு. என்னா, இனிப்புதான் ஒரு பொடி தூக்கல். சீனியக் கொஞ்சம் கொறச்சுப் போட்டுருக்கணும்" என்றார்.

நான் சட்டியைப் பார்த்தபடி நின்றேன். கலகலா கறுத்துக்கொண்டு வந்தது, எடுக்கத் தோன்றவில்லை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குப் புரிந்தது. அடுக்களை வாசல் ஸ்டூல். என் கையையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண். எத்தனை சிட்டிகை உப்பு, எவ்வளவு புளி என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். வழக்கத்தைவிடக் கூடினால் தூக்கல், குறைந்தால் குறைச்சல். கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறார். வெறுமனே நல்லா இருக்கு என்றால் நான் நம்பமாட்டேன் என்று தெரிந்து, குறையாகச் சொல்லி நம்பவைத்திருக்கிறார். எல்லாம் நான் பாயசத்தை வாழைக்கு ஊற்றிய அந்த நாளுக்காக.

"கருகுது பாரு" என்றார் அவர், சட்டியைக் காட்டி. கண்ணால் பார்த்துத்தான் சொன்னார்.

கேட்டிருக்கலாம். "ஏங்க, இது காடி" என்று இரண்டு வார்த்தை. வாய்வரை வந்தது. அவர் முகத்தில் இருந்த அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. சொன்னால் என்ன ஆகும்? நாக்கு வரவில்லை என்பது ஊர்ஜிதமாகும். அவர் மறுபடியும் ஹால் நாற்காலிக்குப் போவார். அந்தத் தடியன் வருவான். நான் மறுபடியும் மண்ணுக்குச் சமைப்பேன். அதற்கு இந்தப் பொய்யே தேவலை என்று நினைத்தேன். அவர் எனக்காகச் சொன்ன பொய், இப்போது நான் அவருக்காகக் கட்டிக் காக்க வேண்டிய பொய்யாகிவிட்டது.

ஆனால் மறுநாள் சாயங்காலம் விருந்தாளிகள் வருவார்களே. எப்போதும் வருகிற மூன்று பேர். பக்கத்து வீட்டுக் குணசேகரனும் மணிமேகலையும். அப்புறம் என் வீட்டுக்காரரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலைபார்த்த ஆரோக்கியதாஸ் சார். அவர்கள் முன்னால் இவர் தன் கையால் இந்தக் காடியை ஊற்றிக் கொடுப்பார். அவர்கள் முகம் கோணும். அந்த முகங்களை இவர் பார்ப்பார்.

எனக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். "ஒங்களுக்குத்தான் டாக்டர் குடிக்க வேணாம்னாரே, இந்த வருஷம் கேக்கோட விட்டுருவோமா?" என்றேன். "எனக்குத்தான வேணாம்னாரு. அவுகளுக்கு என்ன வந்துச்சு? நேத்துவரைக்கும் ஒயின் ஒயின்னு நீதான கெடந்த?" என்றார். காலையில் அவர் குளிக்கிற நேரத்தில் ஜாடியில் இரண்டு டம்ளர் சீனியைக் கொட்டிக் கலக்கினேன். ருசிபார்த்தால் முன்னைவிடக் கேவலம். காடி தனியாக, சீனி தனியாக நின்றது. கடையில் வாங்கி மாற்றி ஊற்றிவிடலாமா என்றும் யோசித்தேன். அறுபது வயசுக்காரி பூசைக்குப் போன சேலையோடு டாஸ்மாக் வாசலில் நிற்பதை நினைத்து அதையும் விட்டேன்.

பூசை முடிந்து வந்ததும் ஃபெமினா கூப்பிட்டாள். "அப்பா, நாக்கு எப்புடிப்பா இருக்கு?" என்றாள். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று நாக்கை நீட்டிக் காட்டினார். அவள் சிரித்தாள். நான் போனுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

கடைசியில் மிச்சம் இருந்தது ஒரே வழி. வருகிறவர்கள் வாயைக் கட்டுவது.

மணிமேகலையை மதில் பக்கம் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாங்க பாத்துக்கிறோம்க்கா. எங்க வீட்டுக்காரவுகளுக்கு வெளக்கெண்ணையக் குடுத்தாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாக. ஆனா தாஸ் சார்?" என்றாள்.

அதுதான் என் பயமும். ஆரோக்கியதாஸ் சார் மனசில் ஒன்று, வாயில் ஒன்று இல்லாதவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாவிடமே "சாம்பார் ஊசிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தவர். எங்கள் வீட்டு ஒயினை ஒரு வருஷம்கூட அவர் நல்லது என்றதில்லை. "நாதா, கழனித் தண்ணிக்கும் இதுக்கும் கலருதான் வித்தியாசம்" என்பார். இவர் சண்டைக்குப் போவார். திட்டிக்கொண்டே இரண்டு பேரும் மூன்று கிளாஸ் குடிப்பார்கள். கிறிஸ்துமஸ் அந்தச் சண்டையில்தான் முடியும்.

சாயங்காலம் நான் தெருமுனையில் போய் நின்றுகொண்டேன். தாஸ் சார் வெள்ளை வேட்டியும் கையில் பழப்பையுமாக வந்தார்.

"என்னம்மா, வரவேற்பெல்லாம் தெருவுலயே ஆரம்பிச்சுருச்சு?"

சொன்னேன். அழாமல் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. அவர் பழப்பையைக் கீழே வைத்துவிட்டு, கேட்டு முடிகிறவரை நின்றார்.

"இன்னைக்கு ஒரு நா மட்டும் சார். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. ஒங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்."

"என்னம்மா நீங்க, பெரிய வார்த்தையெல்லாம்" என்றார். "நான் சொல்லிர்றேன். நீங்க உள்ள போங்க, நான் பின்னால வாரேன்."

ஹாலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கிறிஸ்துமஸ் குடிலில் கலர் பல்பு மினுங்கிக்கொண்டிருந்தது. இவர் ஜாடியிலிருந்து தூக்குச்சட்டியில் மொண்டுவந்து, ஒவ்வொரு கிளாஸிலும் ஊற்றினார். யார் முகத்தையும் பார்க்காமல் ஊற்றினார் என்பதை நான் கவனித்தேன்.

"குடிங்க, குடிங்க. ஒரு வருஷம் விட்டுப்போச்சுல்ல, இந்த வருஷம் மொத்தமா இனிச்சுக்கிட்டு வந்துருக்கு" என்றார்.

மணிமேகலை உதட்டில் நனைத்து, "அருமையா இருக்கு சார்" என்று முழுங்கினாள். குணசேகரன் மருந்துபோல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, கேக்கை எடுத்து அவசரமாக வாயில் அடைத்தார். "சூப்பர் சார்" என்றார், கேக்குக்கு நடுவில். இவர் இரண்டு பேரையும் பார்த்துத் தலையாட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தாஸ் சாருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ம். இப்ப ஒன் திருவாயத் தெற" என்றார். அவர் முகத்தில் ஒரு ஆவல். சண்டைக்கு ஆயத்தமாகிக் கையைக் கட்டிக்கொண்டார்.

தாஸ் சார் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குடித்தார். சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது, கண் கலங்கியது. ஆனாலும் முகத்தை ஒரு கோணல் இல்லாமல் வைத்துக்கொண்டார். நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நாதா" என்றார். "இந்த மாதிரி ஒரு ஒயின நான் குடிச்சதே இல்லடா. ரொம்ப நல்லா இருக்கு."

இவர் கட்டிய கையைப் பிரித்தார். கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் என்ன செய்ய? கேக் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். எந்த வாயை அடைக்கக் கூடாதோ அந்த வாயை அடைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. "கழனித் தண்ணி" என்று தாஸ் சார் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், இவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பியிருப்பார். ஊற்றிய கைக்கும் ஒரு நிம்மதி இருந்திருக்கும்.

ஹாலில் அதற்கப்புறம் யாரும் இரண்டாவது கிளாஸ் கேட்கவில்லை, இவரும் ஊற்றவில்லை. மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். தாஸ் சார் கிளம்பும்போது இவர் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "பழம் வாங்கிட்டு வந்தேன், சாப்பிடுங்க" என்றார்.

கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன். இவர் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"தாஸு நல்லா இருக்குன்னுட்டான்" என்றார்.

"ஆமாங்க."

"காடியாயிருச்சா?"

நான் குனிந்து தரையில் சிந்திய கேக் துகளைப் பொறுக்கினேன்.

"நேத்தே தெரியுமா ஒனக்கு?"

"மூடியத் தெறந்தப்பவே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கிளாஸ்களைக் கொண்டுபோய்க் கழுவினார். ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். "பாதி ஜாடியாப் போட்டுருக்கக் கூடாது. காத்து நின்னுருச்சு" என்றார், தனக்குத்தானே. கணக்கு எங்கே தப்பியது என்று கண்டுபிடித்துவிட்டார். அப்புறம், "கீழ ஊத்திராத. ஊறுகாய்க்கு ஆகும்" என்றார்.

"சரிங்க" என்றேன்.

நான் அவர் தோளைப் பிடித்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம் என்று சொல்லியிருக்கிறார் என்று புளுகியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் பொய்க்கு அன்று இடம் தீர்ந்துபோயிருந்தது. என்னால் அவருக்கு ஆகக்கூடியது ஒன்றுமே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

மத்தியானம் வைத்த கோழிக் குழம்பைச் சூடுபண்ணி, சோறு போட்டு, இரண்டு தட்டை மேஜையில் வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்தார். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தத் தடியன் மறுபடியும் வந்தான். கிறிஸ்துமஸ் என்று சிவப்புக் குல்லா போட்டுக்கொண்டு, இலை நிறையக் கறியை வைத்துக்கொண்டு சிரித்தான்.

இவர் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். வழக்கமாகச் சொல்கிற குறையைச் சொல்ல வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

தடியன் மட்டும் "ஆஹா" என்றான்.

இரண்டு மாசமாக நான் ஒவ்வொரு வேளையும் காத்திருந்த அந்த ஒரு வார்த்தை இனி வராது என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. பொய்தான். ஆனாலும் அது இருந்தது. நான் என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். கஷ்டப்பட்டு விழுங்கினேன். எட்டிப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"உப்பு கொஞ்சம் கம்மியா இருக்குங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புடியா?" என்றார். உப்பு டப்பாவை இழுத்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தன் சோற்றில் போட்டுப் பிசைந்தார். "இப்ப?" என்று ஒரு கவளத்தை உருட்டி என் வாய்ப்பக்கம் நீட்டினார்.